இரண்டு இளம் நாய்களோடு தனியாக ஃபெசன்ட் வேட்டைக்குப் போகலாமா?

நவம்பர் நடுவில் ஐந்து நாள், அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம், பொது நிலம், கோழி இனத்து நீளவால் காட்டுப் பறவையான ஃபெசன்ட். கூட வருவதாக இருந்த நண்பர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். மினியாபோலிஸ் வீட்டில் பதினான்கு மாத ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் ஒன்றும் ஒன்பது மாத லாப்ரடார் ஒன்றும் இருக்கின்றன, இரண்டும் இதுவரை ஒரு காட்டுப் பறவையைக்கூடப் பார்த்ததில்லை. இப்படித் தனியாகப் போவது முட்டாள்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, போய்விட்டு வாருங்கள். நண்பர் வராததே உங்கள் நாய்களுக்கு நல்லது என்றுகூடச் சொல்வேன். இளம் நாயை ஐந்தாறு பேர் போகும் கூட்டத்தில் இறக்கினால் என்ன நடக்கும் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். ஆட்கள் வரிசை கட்டி நடப்பார்கள், ஆளுக்கொரு விசில் ஊதுவார்கள், ஃபெசன்ட் சேவல் எழுந்ததும் நாலு துப்பாக்கி ஒன்றாக வெடிக்கும். யாருடைய பழகிய நாயோ ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வரும். உங்கள் குட்டி நடுவில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிக்கும். தனியாகப் போனால் வேகம், சத்தம், எந்தப் பறவையைச் சுடுவது, எப்போது நிறுத்துவது எல்லாம் உங்கள் கையில். அங்கே ஒரு நாளைக்கு மூன்று சேவல் வரைக்கும் சுடலாம், பெட்டையைச் சுடக்கூடாது. அந்த மூன்று என்ற எண்ணை மட்டும் மினியாபோலிஸிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஐந்து நாளில் மொத்தமே இரண்டு சேவல் கிடைத்தாலும், இரண்டையும் நாய்களே கண்டுபிடித்திருந்தால் இந்த வருஷத்துக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகாத நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே போனதும் பழகிக்கொள்ளும் என்று நினைப்பது சூதாட்டம். ஒருமுறை பயந்த நாயைத் திருப்பி எடுக்க மாதக்கணக்காகும், சில நாய்கள் திரும்புவதே இல்லை. ஊரிலேயே புறாவைப் பறக்கவிட்டு, நாய் வெறியோடு அதைத் துரத்தும் நேரத்தில், நூறு கஜத்துக்கும் அப்பால் வேறொருவரை நிற்கவைத்து வெற்றுத் தோட்டா வெடிக்கச் சொல்லுங்கள். நாய் திரும்பிக்கூடப் பார்க்காவிட்டால் மறுநாள் கொஞ்சம் நெருங்கலாம். காதை மடக்கினாலோ உங்கள் காலடிக்கு வந்தாலோ அன்றோடு நிறுத்திவிடுங்கள். பெரிய ஷாட்கன் இதெல்லாம் முடிந்த பிறகுதான். நவம்பருக்குள் இது முடியவில்லையென்றால் அந்த நாய் இந்த வருஷம் துப்பாக்கி இல்லாமல் நடக்கட்டும். பறவையை மோந்து துரத்திவிட்டு வந்தாலே அதற்குப் பாடம்தான்.

சரி, இடத்துக்கு வருவோம். இந்தப் பறவையும் நம்மைப் போலவே ஆசியாவிலிருந்து போய்க் குடியேறியதுதான். ஷாங்காயில் அமெரிக்கத் துணைத் தூதரகத் தலைவராக இருந்த ஓவன் டென்னி 1881-ல் ஆரெகனுக்குக் கப்பலில் அனுப்பிய முதல் கூட்டத்தில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை, அடுத்த வருஷம் அனுப்பியவை பிழைத்துப் பெருகின. தெற்கு டகோட்டாவில் 1908, 1909 வாக்கில் ரெட்ஃபீல்டைச் சுற்றியுள்ள ஸ்பிங்க் கவுண்டியில் விட்டார்கள். 1919-ல் அங்கே முதல் வேட்டைக்காலம், ஒரே ஒரு நாள். 1943-ல் அதையே மாநிலப் பறவையாக்கிவிட்டார்கள். மாநிலப் பறவையைச் சுட்டுச் சாப்பிடும் ஊர் என்று நான் கேலி செய்வதுண்டு, அவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ரெட்ஃபீல்ட் இன்றும் தன்னை உலகத்தின் ஃபெசன்ட் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிறது. உங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து மணி நேர ஓட்டம். முதல் பயணத்துக்கு அந்தப் பக்கமே போதும்.

பொது நிலம் என்றால் அங்கே மூன்று வகை பெரும்பாலும் கண்ணில் படும். வாத்துகளுக்காக மத்திய அரசு வாங்கி வைத்திருக்கும் சதுப்பும் புல்வெளியும் ஒன்று. மாநில வனவிலங்குத் துறையின் நிலம் இன்னொன்று. மூன்றாவது, விவசாயிக்குத் துறை பணம் கொடுத்து நம்மை நடந்து போக அனுமதிக்கும் தனியார் நிலம், அதை ‘வாக்-இன்’ என்பார்கள். எல்லைப் பலகை இருக்கும், ஆனாலும் துறையின் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், பல இடங்களில் சிக்னல் இருக்காது. ஈய ரவையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மத்திய அரசு நிலத்திலும் பெரும்பாலான மாநில நிலத்திலும் அதற்குத் தடை. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று குழம்புவதைவிட எஃகு ரவையோ பிஸ்மத் ரவையோ மட்டும் கொண்டுபோவது நிம்மதி. எஃகில் 3 அல்லது 4-ம் எண், பிஸ்மத்தில் 5.

வெளிமாநிலத்தவர் உரிமம் ஐந்தைந்து நாளாக இரண்டு தவணை. விலையும் விதிகளும் மாறக்கூடியவை, கிளம்பும் வாரத்தில் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டை தொடங்குவது காலை பத்து மணிக்கு, முடிவது சூரியன் மறையும்போது. நவம்பர் நடுவில் அது ஐந்து மணி வாக்கில். ஏழு மணி நேரம் குறைவாகத் தெரியலாம். இளம் நாய்களுக்கு அதுவே அதிகம்.

இனிதான் முக்கியமான விஷயம். இரண்டு நாயையும் ஒரே நேரத்தில் இறக்காதீர்கள். ஒருமுறைகூட வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன் ஒரு இளம் பிரிட்டனி நாயையும் ஒரு ஸ்பானியல் நாயையும் சேர்த்தே விட்டேன். இரண்டும் பறவையைத் தேடவில்லை, ஒன்றோடொன்று பந்தயம் ஓடின. இரண்டாம் நாள் பிரிட்டனி ஒரு புதர் முன்னால் அப்படியே நின்றது, அதன் வாழ்க்கையிலேயே முதல் நல்ல பாயின்ட், அதாவது பறவை வாசனை பிடித்து அசையாமல் நிற்பது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பானியல் பின்னாலிருந்து வந்து புதருக்குள் பாய்ந்தது, பெட்டை ஒன்று எழுந்து போனது. இப்படியே இன்னும் இரண்டு முறை. நான்காம் முறை பிரிட்டனி நிற்கவே இல்லை, தானும் பாய்ந்தது. நின்றால் அடுத்தவன் தட்டிக்கொண்டு போய்விடுவான் என்று கற்றுக்கொண்டுவிட்டது. அதை மாற்ற அடுத்த வருஷம் முழுக்க ஆனது. ஸ்பானியல் மேல் தப்பே இல்லை, பறவையை எழுப்புவதுதானே அதன் வேலை. உங்களிடம் இருப்பதும் அதே ஜோடிதான். பாயின்டர் வாசனை பிடித்து நிற்க வேண்டிய நாய், லாப்ரடார் உள்ளே போய் எழுப்பவும் விழுந்ததைக் கொண்டுவரவும் பிறந்த நாய். பழகிய பிறகு இரண்டும் சேர்ந்து அழகாக வேலை செய்யும். இந்த நவம்பரில் அல்ல.

நம்மூர் கன்னி, சிப்பிப்பாறை நாய்களை வைத்து முயல் வேட்டை பார்த்தவர்கள் இன்னொன்றையும் மறந்துவிட வேண்டும். அவை கண்ணால் கண்டு ஓடிப்பிடிக்கும் நாய்கள், வேகம்தான் எல்லாம். இங்கே எல்லாம் மூக்கு. மூக்குக்குக் காற்று வேண்டும், அவகாசமும் வேண்டும். ஆகவே வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையே காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காற்று நாயின் முகத்தில் அடிக்கும்படி நடக்க வேண்டும். வண்டி நிறுத்த இடம் விட்டிருக்கும் மூலையிலிருந்து எல்லோரும் போகிற வழியாகப் போனால் காற்று முதுகில்தான் அடிக்கும் என்றால், மைல் கணக்கில் சுற்றிக்கொண்டு போனாலும் பரவாயில்லை, மறுபக்கம் போங்கள். அங்கே சாலைகள் மைலுக்கு ஒன்றாகச் சதுரங்கப் பலகை மாதிரி ஓடுகின்றன, சுற்றுவது சிரமமில்லை. மற்றவர்கள் கால் படாத மூலையும் அப்படித்தான் கிடைக்கும்.

வண்டிக் கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள். நாயின் பெயரைச் சொல்லிக் கத்தாதீர்கள். அக்டோபரிலிருந்து சுடப்பட்டுத் தப்பிய சேவல்கள்தான் நவம்பரில் மிச்சம் இருக்கும். கதவுச் சத்தம் கேட்டதும் வயலின் மறுமுனையில் பத்துச் சேவல் எழுந்து போவதை நின்று பார்த்திருக்கிறேன், உள்ளே கால்கூட வைத்திருக்க மாட்டேன். விசில்கூட அவசியத்துக்குத்தான். நீங்கள் திசை மாறி நடந்தால் நாய் தானே கவனித்து வரும். குட்டிகள் நினைப்பதைவிட நம்மைக் கவனிக்கின்றன.

அப்புறம், பெரிய நிலங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஒரு சதுர மைல் என்றால் 640 ஏக்கர், தனியாளுக்கு அது கடல். சேவல் முன்னால் நடந்தே தப்பிவிடும். கூட்டமாக வருபவர்கள் மறுமுனையில் இரண்டு பேரை நிறுத்தி வழியை மறிப்பார்கள், உங்களுக்கு அந்த வசதி இல்லை. நிலமே மறித்துத் தருகிற இடங்களைத் தேடுங்கள். புல்வெளி குறுகி அறுத்த சோள வயலில் முடியும் மூலை, உழுத மண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓடும் புல் பட்டை, இருபது முப்பது ஏக்கர் தனிச் சதுப்பு. ஓடிக்கொண்டிருக்கும் சேவலுக்கு மறைப்பு தீர்ந்துபோகும் இடத்தில்தான் அது முடிவெடுக்க வேண்டியிருக்கும், ஒன்று பறக்கும், இல்லை பதுங்கும். அந்தக் கடைசி முப்பது அடியை அவசரமாக நடந்து முடிக்காதீர்கள். பத்தடி நடந்து அரை நிமிஷம் சும்மா நில்லுங்கள். நடக்கிற ஆளைச் சேவல் பொறுத்துக்கொள்ளும், நிற்கிற ஆளைப் பொறுக்காது.

உங்கள் பாயின்டர் முதல் முறை நிற்கும்போது என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதற்காகத்தான் இத்தனை தூரம் போகிறீர்கள். இப்போது என்னிடம் இருக்கும் நாய் தன் முதல் நவம்பரில், மூன்றாம் நாள் மதியம், சம்புக்கோரை ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டத்திலேயே தலை மட்டும் சட்டென்று இடது பக்கம் திரும்பியது, யாரோ மூக்கில் கயிறு கட்டி இழுத்த மாதிரி. உடம்பு அதன் பின்னால் வளைந்து வந்து நின்றது. முன்னங்கால் ஒன்று தரையில் படாமல் தொங்கியது. குட்டை வால் கொஞ்ச நேரம் துடித்தது, பிறகு அதுவும் நின்றது. கோரைக் கதிரிலிருந்து உதிர்ந்த பஞ்சு அதன் கண்ணிமையில் ஒட்டியிருந்தது, சிமிட்டவில்லை. நான் பக்கவாட்டில் சுற்றி அதன் முன்னால் போனேன். நாய்க்குப் பின்னாலிருந்து வந்தால் நாம் துரத்தச் சொல்வதாக அது நினைத்துக்கொள்ளும். சேவல் மூக்குக்கு நேரே எழவில்லை, ஏழெட்டு அடி தள்ளிக் கொக்கரித்துக்கொண்டு எழுந்தது. இரண்டு தோட்டாவும் காற்றுக்குத்தான். நாய் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. சேவல் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், அமுங்கிக் கிடந்த புல்லை ஒரு நிமிஷம் மோந்துகொண்டே இருந்தது. அதற்கு முன்பு வரை வெறுமனே ஓடிக்கொண்டிருந்த நாய் அன்று மாலை தேடத் தொடங்கிவிட்டது.

எப்போதும் இப்படி அமையாது. ஃபெசன்ட் சேவல் ஓடும். நாய் நிற்கும், நீங்கள் போவதற்குள் பறவை நாற்பது அடி தள்ளிப் போயிருக்கும், நாய் தலையைத் திருப்பி என்ன செய்வது என்று பார்க்கும். அப்போது மெதுவாக முன்னேற விடுங்கள், அதட்டாதீர்கள். அவசரப்பட்டுத் தானே எழுப்பிவிட்டால் சுடாமல் விட்டுவிடுங்கள், சேவலாக இருந்தாலும். பாய்ந்தால் ஒன்றும் கிடைக்காது, நின்றால் வாயில் பறவை வரும் என்ற கணக்கை நாயே போட்டுக்கொள்ளும். லாப்ரடாருக்குக் கணக்கு வேறு. அது எழுப்பலாம், ஆனால் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள், முப்பது கஜம் முப்பத்தைந்து கஜத்துக்குள் இருக்க வேண்டும். தூரம் போய் எழுப்பியதைச் சுடாதீர்கள்.

நாயின் கழுத்தில் கட்டும் மின் பட்டை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஜிபிஎஸ் பட்டை கட்டாயம் போடுங்கள், ஆளுயரப் புல்லில் நாய் எங்கே என்று தெரியாமல் நிற்பது கொடுமை. ஆனால் பறவை வாசனை பிடித்திருக்கும் நேரத்தில் மின் அதிர்ச்சிப் பொத்தானைத் தொடாதீர்கள். வலி பறவையிடமிருந்து வந்ததாக இளம் நாய் முடிவு கட்டிவிடும். பிறகு பறவை வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும், அதை மீட்பது துப்பாக்கிப் பயத்தை மீட்பதைவிடக் கடினம். ஆபத்தான சாலைப் பக்கம் ஓடுகிறதா, அதற்கு மட்டும்.

சுடும்போது ஒரே விதி: பறவைக்குக் கீழே வானம் தெரிய வேண்டும். குட்டி நாய்கள் எழும் பறவையை எட்டிக் குதிக்கும். தாழப் பறக்கும் சேவல் எவ்வளவு அழகான இலக்காக இருந்தாலும் போகட்டும். கம்பி வேலி தாண்டும்போது தோட்டாவை எடுத்துவிடுங்கள், பார்க்க ஆள் இல்லையென்று சோம்பல்படத் தோன்றும். ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் போடுங்கள், நவம்பர் பிற்பகுதியில் மான் வேட்டைக்காரர்களும் வந்துவிடுவார்கள். எந்த நிலத்துக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தினமும் காலையில் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

காயங்களைப் பற்றி நிறைய எழுதலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முள்கம்பிதான் முதல் எதிரி, நெஞ்சிலும் அக்குளிலும் கிழிக்கும். நாய்க்கு நெஞ்சுக் கவசம் போடுங்கள், உப்புநீர்ப் புட்டியும் கட்டுத் துணியும் வண்டியில் இருக்கட்டும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் கண் இமைக்குள், காதுக்குள், விரலிடுக்கில் புல் விதை இருக்கிறதா என்று பாருங்கள், கூர்மையான சில விதைகள் தோலைத் துளைத்து உள்ளேயே பயணம் செய்யும். முள்ளம்பன்றி முள் வாய்க்குள் போய்விட்டால் நீங்களே பிடுங்காமல் மருத்துவரிடம் போங்கள், கிளம்புவதற்கு முன்பே அந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவர் எண்ணைக் குறித்து வைத்திருங்கள். பொது நிலத்தில் பொறியும் சுருக்குக் கம்பியும் இருக்கக்கூடும். சுருக்கு எஃகு வடம், சாதாரண கொறடு வெட்டாது, வடம் வெட்டும் கத்தரியையே பையில் வையுங்கள். பொறியைத் திறப்பது எப்படி என்று வீட்டுக் கூடத்தில் ஒருமுறை பழகிவிடுங்கள், நாய் கதறும்போது படிக்க முடியாது. நாற்றத் திரவம் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற சிறு விலங்கு நாய் மேல் பீய்ச்சிவிட்டால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டருக்குக் கால் கோப்பை சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு. அப்போதே கலந்து கண்ணில் படாமல் தேயுங்கள். கலந்ததை மூடி வைத்தால் புட்டி வெடித்துவிடும்.

லாப்ரடாருக்கு ஒன்பது மாதம்தான், எலும்பு இன்னும் வளர்கிறது. ஒரு நேரத்தில் அரை மணி, முக்கால் மணி, ஒரு நாளில் இரண்டு முறை, அவ்வளவுதான். சம்புக்கோரையில் நடப்பது சேற்றில் படி ஏறுவது போல. பாயின்டர் இன்னும் கொஞ்சம் தாங்கும். பெரிய சாப்பாட்டை இரவில் கொடுங்கள், வயிறு நிறைந்த நாயை ஓடவிடக்கூடாது, பகலில் நடுவில் ஒரு சின்ன வாய் போதும். தண்ணீர் கேட்காவிட்டாலும் கொடுங்கள். வெயில் ஏறி பதினைந்து டிகிரி செல்சியஸைத் தாண்டினால் குளிர்நாட்டு நாய்க்கு அது கோடைதான், நிழலில் படுக்கவிடுங்கள். முறை வைத்து இறக்கும்போது, வண்டியில் இருக்கும் நாய் முதல் நாள் ஊளையிட்டு ஊரைக் கூட்டும். இரண்டாம் நாள் தூங்கும்.

எந்த நேரத்தில் எந்த நாய் என்றால், காலையில் பறவைகள் வயலில் மேய்ந்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பும் பதினொரு மணி வாக்கில் பாயின்டரைப் புல்வெளியில் இறக்குங்கள். கடைசி ஒரு மணி நேரம், சேவல்கள் சோள வயலிலிருந்து சதுப்புக்குத் தூங்க வரும் நேரம், அது லாப்ரடாருக்கு. சம்பு அடர்த்தியில் பாயின்ட் பிடித்து நிற்கும் நாயை நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிடும், ஆனால் உள்ளே புகுந்து எழுப்பும் நாய்க்கு அது சொர்க்கம். அடிபட்டு விழுந்த சேவல் கோரைக்குள் ஓடி ஒளியும், அதைத் தேடி எடுப்பதும் லாப்ரடாரின் மூக்குதான். விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, அங்கே நேராகப் போய்த் தொப்பியைப் போட்டுவிட்டு, அதைச் சுற்றித் தேடவிடுங்கள். முதல் பறவையைக் கவ்விக்கொண்டு வந்தால் உடனே பிடுங்காதீர்கள், கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்துக்கொண்டு பெருமையாகச் சுற்றட்டும்.

சேவல் கிடைத்தால் அன்றிரவே சுத்தம் செய்யுங்கள், விடுதி அறைக்குள் மட்டும் வேண்டாம். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைக் கத்தியால் திறந்து பாருங்கள். சோளம் இருந்தால் மறுநாள் அறுத்த சோள வயல் ஓரம், புல் விதைதான் என்றால் புல்வெளி நடு. காலில் இருக்கும் முள் குட்டையாக மழுங்கியிருந்தால் அந்த வருஷத்துக் குஞ்சு, நீண்டு கூராக இருந்தால் கிழவன். வீடு வந்து சேரும் வரை தலையையோ ஒரு காலையோ இறகோடு ஒரு சிறகையோ ஒட்டியே விடவேண்டும், வழியில் அதிகாரி நிறுத்தினால் அது சேவல்தான் என்று காட்ட அதுதான் சாட்சி. நெஞ்சுக்கறி மிளகு போட்டு வாணலியில் ஐந்தே நிமிஷம், அதற்கு மேல் போனால் விறகு. காலில் தீக்குச்சி மாதிரி நரம்புகள் இருக்கும், அந்தக் காலைத் தனியாக எடுத்துச் சின்ன வெங்காயம் போட்டு இரண்டு மணி நேரம் குழம்பில் கிடக்க விடுங்கள், நரம்பு தானே கழன்று வந்துவிடும்.